தருமபுரிப் பக்கம் ராமர் வந்த வழி

பெங்களூரிலிருந்து காரில் தெற்கே இறங்குகிறவர்களுக்குத் தருமபுரி என்றால் ஒரு காபி, ஒரு சுங்கச்சாவடி, அப்புறம் தொப்பூர்க் கணவாயில் முன்னால் போகிற லாரியைப் பார்த்துப் பயப்படுவது, அவ்வளவுதான். கோயில் பார்க்க வேண்டுமென்றால் வண்டி ஸ்ரீரங்கத்துக்கோ மதுரைக்கோ காஞ்சிக்கோ போய்விடும். என் தங்கை குடும்பமும் இதற்கு விலக்கில்லை. பிறந்த ஊரே தருமபுரி என்றாலும், பெங்களூரில் குடியேறிய பிறகு அவள் குழந்தைகளுக்குத் தெரிந்த தருமபுரி, ஆயா வீட்டுத் திண்ணையும் தெருமுனைக் கடையின் நிப்பட்டும்தான்.

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தார்கள். மார்கழிக் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோயில் சுற்றுவது என்று முடிவானது. ஆளுக்கொரு கணக்கு. தங்கைக்கு அதியமான்கோட்டை காலபைரவர். வீட்டுக் கடன் தீர வேண்டுமாம். இருபது வருடத் தவணையைப் பைரவர் எப்படிச் சுருக்குவார் என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கு அவள் பார்த்த பார்வையில் அவரும் வண்டியில் ஏறிவிட்டார். அம்மாவுக்குத் தீர்த்தமலை. "முட்டி முழுசாப் போறதுக்குள்ள ஒருதரம் ஏறிப் பாத்துடறேன்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோட்டைக் கோயிலின் அடிக்கட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் மருமகளுக்கு எங்கேயும் போகாமல் தூங்க வேண்டும். இரண்டாவது படிக்கும் மருமகனுக்குக் குரங்கு பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தருமபுரியின் மார்கழிக் குளிர் பெங்களூர்க் குளிருக்கு ஒன்றும் இளைத்ததில்லை. கோட்டைப் பகுதிக்குள் நுழைந்ததும் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டது. வரமகாலட்சுமியோடு பரவாசுதேவர் இருக்கும் கோயில் அது. பக்கத்திலேயே மல்லிகார்ச்சுனேசுவரரும் கல்யாண காமாட்சியும். ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'கோட்டைக் கோயில்' என்றுதான் சொல்வார்கள். இன்று கோட்டை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

சிவன் கோயில் 9-ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் எழுப்பியது என்று சொல்லப்படுகிறது. நுளம்பர்களை நம் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். ஆந்திரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் ஹேமாவதி அவர்களுடைய தலைநகரம். அங்கிருந்து தெற்கே பரவித் தகடூரையும் பிடித்து ஆண்டார்கள். தகடூர் என்பது இந்த ஊரின் பழைய பெயர். சோழர் பாணியில் உயர்ந்த விமானத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு நுளம்பர் கட்டிய கோயில் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தலையை உயர்த்திப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் கைவண்ணம் உள்ளே, தூணிலும் மண்டபக் கூரையின் அடிப்பக்கத்திலும் இருக்கிறது. மகாமண்டபத்தில் நின்று அண்ணாந்தால் எண்திசைக் காவலர்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழந்தைகளை எழுப்பிவிட்டது தொங்கும் தூண். மண்டபத்துக் கல்தூணின் அடி தரையைத் தொடாமல் நிற்கிறது. துண்டின் முனையை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுக்கலாம். மருமகள் பள்ளிச் சுற்றுலாவில் லேபாட்சிக்குப் போனவள். "இது அங்க இருக்கறதுதானே?" என்றாள். லேபாட்சி விசயநகரக் காலத்தது, 16-ஆம் நூற்றாண்டு. அங்கே இந்த ஒரு தூணுக்காகவே ஊர் ஊராகப் பேருந்து வருகிறது. இங்கே அன்று காலையில் நாங்கள் மட்டும்தான் துண்டு இழுத்துக்கொண்டிருந்தோம்.

காமாட்சியம்மன் சந்நிதி சிவன் சந்நிதியைவிட உயரத்தில், படியேறிப் போகும்படி இருக்கிறது. அம்மா படியேறித் தரிசனத்துக்குப் போய்விட்டார். நான் கீழேயே நின்றுவிட்டேன். சந்நிதியைத் தாங்கி நிற்கும் அடிக்கட்டில், முழங்கால் உயரத்தில், சின்னச் சின்னக் கட்டங்களாக ராமாயணம் ஓடுகிறது. நின்றபடி பார்த்தால் கல்லில் ஏதோ மேடுபள்ளம் என்றுதான் தோன்றும். குந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்து, செல்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொன்றாக எழுந்து வரும். வில் பிடித்த கை, வளைந்த இடுப்பு, கூட்டமாக வானரங்கள். பல இடங்களில் முகம் தேய்ந்துவிட்டது. ஆனால் உடம்பின் சாய்வே யார் என்று சொல்லிவிடுகிறது. மருமகன் பக்கத்தில் குந்தினான். அவன் உயரத்துக்கு இது வசதி.

"மாமா, இங்க வால் இருக்கு."

அப்புறம் அவன் வால் தேட ஆரம்பித்தான். வாலிருந்தால் அனுமார், இல்லாவிட்டால் ராமர். அவனுடைய இலக்கணம் பெரும்பாலும் சரியாகவே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருக்க, வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "ஏதாவது தொலைஞ்சிடுச்சுங்களா?" என்று ஒரு அம்மாள் அக்கறையாகக் கேட்டார்.

கம்பர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர் என்பது அறிஞர்கள் பலரின் கணக்கு. அந்தக் கணக்குப்படி, அவர் ஏட்டில் எழுத உட்காருவதற்கு முன்பே இந்தத் தகடூர்ச் சிற்பி கதை முழுவதையும் சாண் அகலக் கட்டங்களில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு யார் கதை சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள்? நுளம்பர் கல்வெட்டுகள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கின்றன. குடிமக்களில் பலர் தமிழ் பேசியிருப்பார்கள். இந்த எல்லை மாவட்டத்தில் அப்போதும் இப்போதும் ஒரே தெருவில் இரண்டு மூன்று மொழி.

பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கும் மருமகள் இதைக் கேட்டதும் நேராகவே கேட்டாள்: "அப்ப நுளம்பர் எங்க ஊரா, உங்க ஊரா?"

முதலாம் ராசராசன் அந்தச் சண்டையைத் தன் வழியில் தீர்த்தவன். அவனுடைய மெய்க்கீர்த்தியில் வென்ற நாடுகளின் வரிசையில் நுளம்பபாடியும் உண்டு. வென்றவர்கள் தூண்களைக்கூட விட்டுவைக்கவில்லை. திருவையாற்று ஐயாறப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே நுளம்பர் தூண்களைப் பார்க்கலாம். கரும்பச்சைக் கல், கடைந்தெடுத்த வேலைப்பாடு. சோழநாட்டுக் கோயிலுக்குள் தனியாகத் தெரியும். அப்புறம் ஹொய்சளர், விசயநகரத்தார், மைசூர்க்காரர்கள் என்று ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 1792-ல் இந்த ஊர் அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தான் கையிலிருந்து கும்பினியார் கைக்குப் போனது. பின்னாளில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது வரி அதிகாரியாக இந்த ஊரில்தான் இருந்தார். 1965 வரை எல்லாம் சேலம் மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்து போனது. எங்க ஊரா, உங்க ஊரா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? "ரெண்டும்" என்றேன். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை.

போகிற வழியில் குமாரசாமிப்பேட்டை முருகனுக்கு ஒரு கும்பிடு. தைப்பூசத்தில் இந்தக் கோயில் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுக்கும் நாள் உண்டு. அம்மா இளவயதில் இழுத்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முட்டி வலி ஞாபகம் வராது. கோயிலை விட்டு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுச் சேலம் சாலையைப் பிடித்தோம்.

அதியமான்கோட்டை தருமபுரியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கும் ஊர். அவனைக் கதை மாந்தர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1981-ல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில், பாறையில் வெட்டிய ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அமைத்துக் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் உறைவிடம், அது என்று சொல்கிறது. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று நெடுநாளாக நடந்த வாதம் அதோடு ஓய்ந்தது. தகடூர்க்காரர்கள்தான். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து இந்தத் தகடூரை அழித்ததைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாட்டுகள்தான் மிச்சம்.

அந்த அதியமான் போருக்குப் போகுமுன் வாளைப் பைரவர் காலடியில் வைத்து எடுத்துப் போவான் என்று காலபைரவர் கோயிலில் சொல்கிறார்கள். தட்சிண காசி என்று பெயர். எங்கள் ஓட்டுநர் தம்பிக்கு இந்தக் கோயில் தலைகீழ்ப் பாடம். "தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு வந்து பாருங்கண்ணா. கர்நாடகா வண்டி, ஆந்திரா வண்டி, பாண்டிச்சேரி வண்டி. நிறுத்த இடம் இருக்காது. மிளகாய் வத்தல் யாகம் நடக்கும். அவ்வளவு மிளகாய் எரியுது, ஒருத்தருக்கும் கமறாது." கமறுமா கமறாதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. நாங்கள் போனது சாதாரண ஞாயிறு. அதற்கே வரிசை வாசல் தாண்டி நின்றது.

இங்கே நேர்த்திக்கடன் சாம்பல் பூசணியில். வாசலில் பூசணியைச் சரிபாதியாக அறுத்துக் கொடுக்கிறார்கள். விதையும் சோறும் வழித்தெடுத்த குழியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்ற வேண்டும். பாதிப் பூசணி லேசில்லை. எண்ணெயோடு சேர்ந்து கனக்கும், காயின் ஈரத்தில் கை வழுக்கும், திரி சடசடவென்று பொரியும். தங்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உதட்டை அசைத்தபடி நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற இளைஞன் கல்லூரிப் பையை முதுகில் மாட்டியிருந்தான். பின்னால் ஒரு விவசாயி, நிலப் பத்திரமாக இருக்க வேண்டும், மஞ்சள் பையில் சுருட்டிப் பிடித்திருந்தார். கடன், வழக்கு, வேலை, கல்யாணம். காலத்துக்கு அதிபதி என்று சொல்லப்படும் சாமியிடம், காலம் கடந்துபோன காரியங்களோடு வருகிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. வங்கியில், நீதிமன்றத்தில், தாலுகா அலுவலகத்தில் நின்று நின்று கால் மரத்தவர்களுக்கு, வரிசையில் நின்றால் கடைசியில் கட்டாயம் ஒரு முகம் தெரியும் இடம் இது ஒன்றுதான்.

என் வருத்தம் வேறு. இதே ஊரில், இந்தக் கூட்டத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். உள்ளே மண்டபத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியங்களாக இருக்கின்றன. நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

வெளி வெயிலிலிருந்து உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் பழகப் பழகச் செம்மண் நிறம் முதலில் வருகிறது. அப்புறம் மஞ்சள், கறுப்பு, வெள்ளை. விசயநகர, நாயக்கர் கால ஓவியத்துக்கே உரிய கூரிய மூக்கும், பக்கவாட்டு முகத்தில் முழுசாகத் திறந்த ஒற்றைக் கண்ணும். பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது. ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து கல் தெரிகிறது, இன்னோரிடத்தில் ஈரம் படர்ந்து பாதி உருவம் கரைந்திருக்கிறது. மிச்சமிருப்பதே கழுத்து வலிக்கும்வரை பார்க்கப் போதும். மருமகன் மறுபடி வால் தேடினான். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த அனுமார் இப்போது தலைக்கு மேலே. "ராமாயணம் பாக்கணும்னா ஒண்ணு குந்தணும், இல்லைன்னா படுக்கணும்" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் சொன்னதிலேயே இதுதான் உருப்படி.

மருமகள் செல்பேசியை எடுத்தாள். பளிச்சென்று ஒளி அடிக்காமல் எடு என்றேன். பழைய மூலிகை, மண் நிறங்களுக்குப் பலத்த வெளிச்சம் ஆகாது. அவள் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, அப்புறம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கம் அதற்குள் முழுக்கக் கலைந்துவிட்டது.

காலபைரவர் கோயிலில் அன்று நின்றவர்களில் பத்தில் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பினாலே போதும், பெருமாளுக்குப் பேச்சுத்துணை கிடைக்கும். யாரும் சொல்வதில்லை, அதனால் வருவதில்லை. பூசணிக் கடைக்காரரிடம் வழி கேட்டபோது, "அது பழசு கோயிலுங்க, ஒண்ணும் விசேஷம் இல்லை" என்றே சொன்னார்.

அங்கிருந்து திரும்பி, தருமபுரி வழியாகவே மொரப்பூர், அரூர் சாலை. வழி நெடுக மரவள்ளி, கரும்பு, இடையிடையே புளியமரங்கள். மொரப்பூரில் ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. சென்னை, சேலம் பாதையில் இருக்கும் நிலையம் இது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மறுபடி மொரப்பூரையும் தருமபுரியையும் இணைக்க 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். "என் அப்பா அந்தக் குட்டி ரயில்ல போயிருக்கார்" என்று அம்மா சொல்ல, பேரன் அது எவ்வளவு குட்டி என்று அரூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

அரூரைத் தாண்டித் தீர்த்தமலை. மலை தூரத்திலேயே தெரிந்துவிடும். அடிவாரத்தில் ஒரு கோயில், மேலே தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். சோழர், விசயநகரத்தார் கல்வெட்டுகள் உண்டு. அடிவாரத்து மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மனைவி விடியற்காலையிலேயே எழுந்து செய்தது. ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுக்கிற வேலை. மார்கழி, தையில் இந்த மாவட்டத்து வீடுகளில் இதுதான் விருந்து. பெங்களூரிலும் இதே பருவத்தில் அவரைக்காய்த் திருவிழா நடத்துகிறார்கள். எல்லை மதிக்காத இன்னொரு விஷயம். மோப்பம் பிடித்துக் குரங்குகள் வந்தன. மருமகனின் நாள் அங்கேயே பலித்துவிட்டது.

படியேற்றம் கடுமையில்லை, ஆனால் விடாது. அம்மா நாலைந்து படிக்கு ஒருதரம் நின்றார். மாப்பிள்ளை கை கொடுக்க நீட்டியபோது, "நீங்க போங்க மாப்பிள்ளை, நான் என் கணக்குல வரேன்" என்று விலக்கிவிட்டார். மேலே போனபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் வெற்றி.

தலபுராணம் இது. இராவணனை முடித்துவிட்டுத் திரும்பும் ராமர் இங்கே சிவபூசை செய்ய விரும்புகிறார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமாரை அனுப்புகிறார். அனுமார் வரத் தாமதமாகிறது. நேரம் தப்பக் கூடாதென்று ராமர் பாறையில் அம்பு எய்ய, அங்கேயே தீர்த்தம் பிறக்கிறது. பூசை முடிந்தபின் வந்து சேர்ந்த அனுமார், தான் சுமந்து வந்தது வீணாயிற்றே என்ற கோபத்தில் கங்கை நீரை வீசியெறிகிறார். அது விழுந்த இடம் சில கிலோமீட்டர் தள்ளித் தென்பெண்ணைக் கரையில், அனுமன் தீர்த்தம்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ராமாயணத்தில் அனுமார் எல்லா வேலையையும் குறித்த நேரத்தில் முடிப்பவர். சஞ்சீவி மலையைக்கூடப் பொழுது விடிவதற்குள் கொண்டுவந்தவர். தருமபுரிக்காரர்கள் அவரைத் தாமதமாக வரவைத்து, கோபப்படவும் வைத்திருக்கிறார்கள். ஆட்சேபம் எழுப்பியவன் மருமகன்: "அனுமார் பறப்பாரே, ஏன் லேட்டு?" அம்மா யோசிக்கவே இல்லை. "காசில கூட்டம் இருந்திருக்கும்டா."

ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள். ராமர் தீர்த்தம் தலைக்கு மேல் உயரத்தில், பாறை முகட்டிலிருந்து விழுகிறது. அருவி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மெலிந்த தாரை, காற்றடித்தால் இடம் மாறும். நாம்தான் நகர்ந்து நகர்ந்து தலையைக் கொடுக்க வேண்டும். உச்சந்தலையில் பட்டதும் சுள்ளென்று ஒரு குளிர் முதுகுத்தண்டு வரை இறங்கும். கோடையிலும் வற்றாது என்கிறார்கள்.

அம்மா இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தார். சிரித்தபோது பல் தெரிந்தது. பழுப்பேறிய பல். வெற்றிலைக் கறை இல்லை அது. இந்த மாவட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல் கறை படும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அம்மாவின் முட்டியில் வயதுக்கு எவ்வளவு பங்கு, கிணற்றுக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது? இதற்காகத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்து, 2013-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் திறந்துவைத்தார்கள்.

கிணறு நஞ்சாக இருக்கும் ஊரில், மலைப்பாறை தானாகக் கசியவிடும் தண்ணீருக்கு மக்கள் ராமர் பெயர் வைத்ததில் ஆச்சரியமென்ன? புளோரைடு என்ற பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எந்தத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்பது தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் சரித்திரம் படித்ததைவிட அம்மாவின் பல்லைப் பார்த்தபோதுதான் இந்த மாவட்டத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன விலை என்று எனக்குப் புரிந்தது.

பொழுது சாய்வதற்குள் அனுமன் தீர்த்தம் போய்விட வேண்டுமென்று இறங்கினோம். முறைப்படி அங்கே முதலில் குளித்துவிட்டுத்தான் தீர்த்தமலை ஏற வேண்டும். ஆடிப் பதினெட்டு அன்று அப்படித்தான் கூட்டம் கூட்டமாக வருவார்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம். அரூரிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில், ஆற்றங்கரையில் இருக்கிறது. தென்பெண்ணையில் நடுவே மணல் தெரிய, பாறைகளுக்கிடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை புடவையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். மாப்பிள்ளை தடுத்தார். அவர் வீடு பெங்களூரின் கிழக்கே, வர்த்தூர் ஏரிப் பக்கம். "இது நம்ம வீட்டுத் தண்ணிதான்" என்றார். விளையாட்டில்லை. தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கோரமாக வந்து, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிறையும் நகரக் கழிவும் இதில்தான் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைமலையாக எழுந்து சாலை வரை பறந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். கிருஷ்ணகிரி அணையும் தாண்டி இங்கே வந்து சேரும்போது நுரை இல்லை. நிறம் தெளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது என்னென்ன கரைந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. அனுமார் கோபத்தில் எறிந்த கங்கையில், நாம் கோபமே இல்லாமல் எறிந்ததெல்லாம் சேர்ந்துவிட்டது.

அம்மா இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஆற்றில் காலை நனைத்து, தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டார். பேரனுக்கும் தெளித்தார். தங்கை கணவனைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், பிறகு அவளும் தெளித்துக்கொண்டாள். குளிக்க யாரும் இறங்கவில்லை. கரை ஓரத்துப் பாறைகளில் பழைய வேட்டி, புடவை, ஷாம்பு உறைகள். குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பீடை போகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பீடை போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடமிருந்து தருமபுரி இரண்டரை மூன்று மணி நேரப் பயணம். தேய்பிறை அஷ்டமி இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். கோட்டைக் கோயிலுக்கு விடிந்ததும் போய்விடுங்கள், உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். காமாட்சி சந்நிதியின் அடிக்கட்டில் ராமாயணத்தைக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். அதன்மேல் குங்குமமோ எண்ணெயோ தடவாதீர்கள். காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றிவிட்டு, சென்றாயப் பெருமாள் கோயில் எங்கே என்று கேளுங்கள். "விசேஷம் இல்லை" என்று சொன்னாலும் போங்கள். தீர்த்தமலையில் குரங்குக்குப் பொட்டலம் பிரித்துப் போடாதீர்கள். அனுமன் தீர்த்தத்தில் உடுத்திய துணியை ஆற்றில் விடாமல் வீட்டுக்கே எடுத்துப் போய்த் துவையுங்கள். துவைத்த தண்ணீர் எப்படியும் இங்கேதான் வந்து சேரும். துணியாவது வராமல் இருக்கட்டும்.